மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் நில மீட்பு ஆய்வு: தண்ணீர் போன வழியே ஒரு நடை

மூடப்பட்ட சுரங்கத்தின் நில மீட்பை, அதாவது தோண்டிய நிலத்தை நிரப்பி மறுபடி பச்சை பிடிக்கவைத்த வேலையை, பார்த்துச் சொல்ல உங்களைக் கூப்பிட்டால், எந்த மாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். மத்திய இந்தியாவில் பெரும்பாலும் அக்டோபருக்குத்தான் தேதி குறிப்பார்கள். ஜூன் நடுவில் தொடங்கிய மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டின் உச்சி வரை நாணலும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் ஆள் உயரத்துக்கு நிற்கும். எங்கே நின்று படம் எடுத்தாலும் காடு மாதிரியே தெரியும். அந்தப் பச்சையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மண்ணியல் படித்தவன். வெளியிலிருந்து தணிக்கைக்குப் போகும் ஆய்வுக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மத்திய இந்தியாவின் ஒரு நிலக்கரிப் படுகையில், தோண்டி முடித்து மூடிய ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் பார்த்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே பார்த்த குறைகளை வேறு பல மண்மேடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகஸ்ட் 27 அன்று சுரங்க மூடல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2013 ஜனவரியில் அவை திருத்தப்பட்டன. சுரங்கம் நடத்துகிறவர் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று 2009 விலைவாசியை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேலை முடியும் வரை பணத்தைப் பூட்டிவைக்கும் வங்கிக் கணக்கில், போட்டுவர வேண்டும் என்று அந்த நெறிகள் கேட்டன. நிறுவனம், மத்திய அரசின் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர், வங்கி என்று மூவர் சேர்ந்த கணக்கு அது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை, செய்து முடித்த மீட்பு வேலையைக் காட்டி 80 சதவீதம் வரை திரும்ப எடுக்கலாம் என்று அவற்றில் இருந்தது. மிச்சம் கிடைப்பது இறுதி மூடல் சான்றிதழ் வந்த பிறகுதான். நெறிகள் வந்தது 2009இல். நாட்டிலேயே முதல் இறுதிச் சான்றிதழ்கள் மத்தியப் பிரதேசத்தின் பேதுல் மாவட்டத்துப் பாதாகேடா நிலத்தடிச் சுரங்கங்களுக்குக் கிடைத்தது 2025இல். இவ்வளவு காலம் பிடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நிலம் ஆறுவதற்கு நாளாகும். அவசரப்பட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

களத்துக்குப் போகுமுன் காகிதங்களோடு உட்காருங்கள். மூடல் திட்டத்தில் எத்தனை ஹெக்டேர் நிரப்புவோம், எத்தனை ஹெக்டேரில் மரம் நடுவோம், எவ்வளவு மேல்மண் சேமித்தோம் என்றெல்லாம் இருக்கும். அதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது, சுரங்கம் வருவதற்கு முந்தைய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம். அதில் நீலக்கோடுகள் இருக்கும். எந்த ஓடை எங்கிருந்து எங்கே ஓடியது, எந்த இடத்தில் ஊற்று இருந்தது என்று அந்தக் கோடுகள் சொல்லும். இன்றைய மண்மேட்டின் எல்லையை அதன்மேல் வரைந்து பாருங்கள். ஓடை ஓடிய தடத்தின் மேலேயே மேடு உட்கார்ந்திருந்தால், அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஓடையைத் திருப்பிவிட்டோம் என்று எழுதியிருப்பார்கள். மேற்பரப்பில் திருப்பியிருக்கலாம். நிலத்துக்குள் கசியும் நீர் பழைய தடத்தை அவ்வளவு எளிதில் விடாது.

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸில் உள்ள ஆபர்வான் கிராமத்தில் நடந்ததை இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு. மலைச்சரிவில் ஊற்றுகளின் மேல் கொட்டப்பட்ட நிலக்கரிக் கழிவு மேடு, மழைநீர் ஊறிக் குழம்பாகிப் பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அங்கே ஊற்று இருந்தது வரைபடத்திலேயே இருந்தது.

ஆகவே ஆய்வை மேட்டின் உச்சியில் தொடங்கி, தண்ணீர் இறங்கும் வழியிலேயே இறங்கி, அது ஊருக்குள் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே முடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஜீப்பில் ஏற்றிக் காட்டுகிற இடங்களில் மட்டும் இறங்கிப் பார்த்தால், அவர்கள் காட்ட நினைத்ததைத்தான் பார்த்துவிட்டு வருவோம். தண்ணீருக்கு அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது.

உச்சியில் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா? புல்லை விலக்கித்தான் பார்க்க வேண்டும், அக்டோபரில் கண்ணுக்குத் தெரியாது. வெடிப்பு இருந்தால் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த முறை வருகிறவருக்கு அந்த இரண்டு முளைகளும் நம் அறிக்கையைவிட அதிகம் சொல்லும். சரிவுக்கோணத்தைக் கையோடு கொண்டுபோன கோணமானியால் நாமே அளக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் ஓ.பி. மேட்டின் சரிவு 37.5 பாகையைத் தாண்டக்கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயரம் போனால் படிப்படியாக, பெஞ்ச் எனப்படும் தளங்களாக வெட்ட வேண்டும் என்கின்றன. ஓ.பி. என்றால் நிலக்கரியை எடுப்பதற்காக அதன் மேலிருந்து அள்ளிக் கொட்டிய பாறையும் மண்ணும். சுரங்கத்தில் மேலாளர் முதல் டம்பர் ஓட்டுநர் வரை அப்படித்தான் சொல்வார்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளில் பெரும்பாலும் ஒட்டுமொத்தச் சரிவு 28 பாகைக்குள் இருக்கட்டும் என்று நிபந்தனை இருக்கும். எந்த அனுமதியில் என்ன எண் என்று பார்த்துவிட்டு அளக்கப் போங்கள். 2016 டிசம்பர் 29 இரவு ஜார்க்கண்டில், கோட்டா மாவட்டத்து ராஜ்மஹால் சுரங்கத்தில் மேடு சரிந்து 23 பேர் உயிரிழந்தார்கள். இயங்கிக்கொண்டிருந்த சுரங்கம் அது. மூடிய சுரங்கத்தில் கண்காணிக்கவும் ஆள் இருக்காது என்பதால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

பெஞ்சின் தளம் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மழைநீர் உள்பக்கமாக ஓடிச் சேர்ந்து, கல் பதித்த சறுக்கு வாய்க்கால் வழியாகக் கீழே இறங்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் கட்டும்போது அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் கொட்டிய மண் ஆண்டுகள் போகப் போகத் தானாக அமுங்கும். அமுங்கியதில் ஓரிடத்தில் பெஞ்ச் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு மழைக்காலத்து வெள்ளம் முழுக்க அந்த ஓர் இடம் வழியாகவே விளிம்பைத் தாண்டிக் குதித்து, சரிவை ஆள் ஆழத்துக்கு அறுத்திருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் நன்றாக நின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் அந்த அறுப்பு இருப்பதே தெரியாது.

மழை அறுத்த அந்த ஓடைப்பள்ளத்துக்குள் இறங்கினோம். மழை நின்று சில நாட்கள் கழித்து, சுவர் காய்ந்த பிறகு, மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள, இன்னொருவர் இறங்க வேண்டும். இறங்கினால் பெரிய நன்மை ஒன்று உண்டு. மண் குழி தோண்டிப் பார்க்க வேண்டியதை மழையே வெட்டிக் காட்டியிருக்கும். மேலே விரற்கடை அளவு செம்மண், அதன் கீழே சாம்பல் நிற உடைகல், அதன் கீழே பளபளக்கும் கறுப்புக் களிப்பாறை. மூடல் திட்டத்தில் எழுதியிருந்த மேல்மண் கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேல்மண்ணைத் தோண்டும்போதே தனியாகக் குவித்துவைப்பார்கள். அந்தக் குவியல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளே காற்றில்லாமல் அதிலிருக்கும் நுண்ணுயிர்களும் விதைகளும் செத்துப்போகும். எடுத்த கையோடு அடுத்த பகுதியில் பரப்புவதுதான் நல்லது. எங்கே பரப்பினார்கள், எந்த ஆண்டு பரப்பினார்கள் என்று பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேடு இல்லையென்றால் அதையே எழுதுங்கள்.

ஓடைப்பள்ளம் இல்லாத இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் கருவி. கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் எவ்வளவு இறங்குகிறது? டம்பர்களும் டோசர்களும் திரும்பத் திரும்ப ஓடிய மண், நெல் அடிக்கும் களத்துமேடு போல இறுகிக்கிடக்கும். ஒரு சாண்கூட இறங்காது. அங்கே நட்ட மரத்தின் வேர் குழியின் அடியை முட்டிப் பக்கவாட்டில் வளைந்து ஓடும். மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும், பிறகு ஒரு கோடையில் பட்டுப்போகும் அல்லது காற்றுக்குச் சாயும். சாய்ந்த மரம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். வேரைப் புரட்டிப் பாருங்கள். பயறுக்குடும்பத்துச் செடி எதையாவது மெதுவாகத் தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அது பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. ஆய்வகமும் வேண்டாம், செலவும் இல்லை. அந்த இளஞ்சிவப்பைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சி வேறு எந்த அளவீட்டிலும் வந்ததில்லை.

மரக்கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெக்டேருக்கு 2,500 கன்று, அதாவது இரண்டு மீட்டருக்கு ஒன்று என்பது பரவலாக உள்ள வழக்கம். பிழைத்தவற்றை எண்ணிச் சதவீதம் போடுவது எளிது, அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். நான் மரத்தடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன். அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் ஒன்றையே வரிசையாக நட்ட இடங்களில் அதன் தடித்த சருகு எளிதில் மட்காமல் மெத்தையாகக் கிடக்கும். கீழே புல்கூட எழும்பாது. எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்கும், ஆனால் அடுத்த தலைமுறை அங்கே இல்லை. புங்கமும் வாகையும் வேம்பும் மூங்கிலும் கலந்து, இடையில் புல் விதைத்த இடத்தில் வேறு காட்சி. யாரும் நடாத புரசும் தும்பிலியும் பறவை எச்சத்திலும் காற்றிலும் வந்து முளைத்திருக்கும். கரையான் புற்று, மண்புழு எச்சம், சாண வண்டு உருட்டிய உருண்டை இவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தானாக வந்தவற்றின் பட்டியல்தான் நட்டவற்றின் பட்டியலைவிட நிலத்தின் நிலைமையைச் சொல்லும்.

புல்லைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் கால்நடைக்குத் தீவனமாகும்படி புல் வளர்த்துக் கொடுப்பதைச் சுரங்கக் குத்தகையின் நிபந்தனையாக்கச் சொன்னது. மரம் புகைப்படத்துக்கு நன்றாக இருப்பதால் எல்லோரும் மரத்தின் பின்னால் போகிறார்கள். சரிவில் மண்ணை முதலில் பிடிப்பது புல்தான். தீனாநாத் புல்லும் ஸ்டைலோ என்னும் தீவனச்செடியும் முதல் மழையிலேயே பிடித்துக்கொள்ளும். வாய்க்கால் ஓரத்துக்கு வெட்டிவேரை மிஞ்ச ஒன்றுமில்லை.

மேட்டின் நடுப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்தோம். கூட வந்த அதிகாரிகளைக் கொஞ்ச தூரம் முன்னால் போகச் சொல்லிவிட்டு அவரிடம் பேச உட்கார்ந்தேன். இது முக்கியம். அதிகாரிகள் பக்கத்தில் நின்றால் கிராமத்து ஆட்கள் “எல்லாம் நன்றாக இருக்கிறது சாப்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

“வருஷம் முழுக்க இங்கேதான் மேய்ப்பீங்களா காகா?” என்று கேட்டேன்.

“மழைக்காலத்துல மேயும். கோடையில ஜேட் மாசம் வந்தா இங்க என்ன இருக்கு? கல்லும் முள்ளும்தான். அப்ப ஆத்துப்பக்கம் ஓட்டிட்டுப் போயிடுவேன்.” பிறகு கோலை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். “அந்தக் கறுப்புத் திட்டு தெரியுதா? அங்க ஆடு படுக்காது. தரை சுடும்.”

அந்தத் திட்டு எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் ‘மரம் நட்ட பகுதி’ என்று இருந்தது. போய்ப் பார்த்தோம். ஒரு சுற்று வட்டத்தில் மட்டும் கன்றுகள் பட்டுப்போயிருந்தன. புல் ஓரத்திலேயே நின்றுவிட்டது. குனிந்தால் கந்தக வாடை. தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியைக் காட்டியதும் பக்கத்து நிலத்தைவிட எண் வெகுவாக ஏறியது. ஓ.பி.யோடு கலந்து கொட்டப்பட்ட நிலக்கரித் தூளும் கரிக்களிப்பாறையும் காற்றுப் பட்டு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே கனல்கின்றன. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் 1916இல் முதன்முதலில் கண்டறியப்பட்ட தீ நூறாண்டைக் கடந்தும் எரிவது நமக்குத் தெரிந்ததே. மண்மேட்டுத் தீ அந்த அளவுக்குப் பெரியது இல்லை, ஆனால் மேலே கால் வைத்தால் மேலோடு உடைந்து உள்ளே இறங்கக்கூடும். அந்த வட்டத்துக்குள் நடக்காதீர்கள். கருவி இல்லாதவர்கள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள்: பனி விழாத திட்டும், மழை ஓய்ந்ததும் ஆவி எழும் இடமும் தெரிந்துவிடும். தண்ணீர் லாரி கொண்டுவந்து ஊற்றுவது தீர்வாகாது. சூடான பொருளைத் தோண்டிப் பரப்பி ஆறவைத்து, மேலே களிமண்ணைத் தடிமனாகப் போட்டு இறுக்கிக் காற்று புகாமல் அடைக்க வேண்டும்.

எங்கள் குழுவில் யாரும் அந்தத் திட்டைத் தானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். பச்சைக்கு நடுவே அது ஒரு சின்னப் புள்ளி. நாள்தோறும் அந்த நிலத்தில் கால் வைக்கிறவரிடம் கேட்காமல் எழுதும் ஆய்வறிக்கை அரைகுறை என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

மேட்டின் அடிவாரத்தில் தாங்குசுவரும் அதை ஒட்டிச் சுற்று வாய்க்காலும் இருக்க வேண்டும். கார்லண்ட் டிரெயின் என்பார்கள். இங்கே வாய்க்கால் இருந்தது, ஆனால் மேலே பார்த்த ஓடைப்பள்ளத்து மண்ணெல்லாம் அதில்தான் வந்து நிரம்பியிருந்தது. நிரம்பிய வாய்க்காலின் மேல் புல் முளைத்து, அதுவும் பச்சையாகவே இருந்தது! காலால் அமுக்கினால் கணுக்கால் வரை புதைந்தது. அடைபட்ட தண்ணீர் சுவரைச் சுற்றிக்கொண்டு பக்கத்து நெல் வயலில் இறங்கியிருந்தது. வயலின் ஒரு மூலையில் சாம்பல் நிற வண்டல் படிந்து, நாற்று மஞ்சளித்து நின்றது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி, மூன்று மழைக்காலமாக இப்படித்தான் என்றார். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, யாரிடம் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டார். சுரங்க அலுவலகம் பூட்டிக்கிடந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் மூடல் திட்டத்திலேயே இருக்க வேண்டும்: சுரங்கம் மூடிய பின் ஊர்க்காரர்கள் எந்த அலுவலகத்தில், யாரிடம் போவது?

வயலிலும் வாய்க்காலிலும் மண்ணும் நீரும் எடுத்தோம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு சுத்தமான நீர் கலந்து, கலக்கித் தெளியவைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் கையடக்க பி.எச். மானியை வைத்துப் பார்க்கலாம். காலையில் கிளம்புமுன் மானியை பஃபர் கரைசலில், அதாவது பி.எச். அளவு முன்பே தெரிந்த கரைசலில், சரிபார்ப்பதை விட்டுவிடக்கூடாது. மத்திய, கிழக்கு இந்தியாவின் கோண்டுவானா எனப்படும் பழைய பாறை அடுக்குகளின் நிலக்கரியில் கந்தகம் குறைவு, பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. அதனால் அமில நீர்த் தொல்லை அவ்வளவாக வராது. அசாம், மேகாலயாவின் நிலக்கரியில் கந்தகம் அதிகம். அங்கே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குறுகிய எலிவளைச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமில நீர் ஆறுகளைக் கெடுத்தது, 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயாவில் அந்த முறைக்குத் தடை போட்டது. இதை வைத்துக்கொண்டு இங்கே அமிலம் வராது என்று அளக்காமல் விடவும் முடியாது. கொட்டிய பாறையில் அங்கங்கே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத் திட்டுகள் இருக்கும். வாய்க்கால் அடியில் துருவின் நிறத்தில் ஆரஞ்சுப் படிவு தெரிந்தால் அங்கே நின்று அளந்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

அடுத்தது குவாரி. கடைசியாகத் தோண்டிய பள்ளம் நிரப்பப்படாமல் ஏரியாகி நிற்கும். நெய்வேலிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு மண்மேடு பழக்கமாக இருக்கலாம், ஆனால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறைச் சுவரும் அதன் அடியில் கரும்பச்சை நீருமாக நிற்கும் இந்தப் பள்ளங்களைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். நல்ல முறையில் பயன்படுத்தினால் ஊருக்குச் சொத்து. சத்தீஸ்கரின் சூரஜ்பூர் மாவட்டத்தில் பிஷ்ராம்பூர்ச் சுரங்கத்தின் பழைய குவாரியில், கேனாபாராவில், படகு விடுகிறார்கள். கூண்டு கட்டி மீன் வளர்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரு பக்கமாவது கரை மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்குகிறதா? மாடும் குழந்தைகளும் எப்படியும் இறங்குவார்கள். வேலி போட்டதாகக் கணக்கில் இருக்கும் இடத்தில் கம்பி இருக்காது, விற்றுப்போயிருக்கும். அகழியும் மண்கரையும்தான் நிற்கும். செங்குத்துச் சுவரின் அடியில் படகை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள், பாறை உதிரும்.

நீர் மாதிரியைக் கரையில் நின்று பாட்டிலை முக்கி எடுத்தால் போதாது. ஆழமான குவாரியில் நீர் அடுக்கடுக்காக நிற்கும். மேலே தெளிந்து, பி.எச். ஏழுக்குப் பக்கமாக, மீன் துள்ளும். அடியில் ஆக்சிஜன் இல்லாமல் இரும்பும் மாங்கனீசும் கரைந்து நிற்கும். கயிற்றில் இறக்கி ஆழத்தில் மூடி திறக்கும் சேகரிப்பானைக் கொண்டு மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் எடுங்கள். கம்பெனி கொடுக்கும் பரிசோதனை அறிக்கையில் எந்த ஆழம் என்று எழுதியிருக்கவே இருக்காது. அதைவிடப் பெரிய கேள்வி, நீர்மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா என்பது. பம்பு நிறுத்திய பிறகு நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விளிம்பின் மிகத் தாழ்ந்த இடம் எது, நிரம்பினால் அங்கிருந்து எந்தப் பக்கம் வழியும் என்று அளவைக்கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கலிங்கு கட்டாத ஏரியை நம் ஊரில் யாரும் ஏரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குவாரிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

பக்கத்தில் இயங்கும் நிலத்தடிச் சுரங்கம் இருந்தால் இந்த நீர் அவர்களுக்கும் ஆபத்து. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாளை அந்தப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. பழைய சுரங்க வரைபடங்களை வாங்கி, இடையே எவ்வளவு தடுப்புச்சுவர் நிற்கிறது என்று சுரங்கப் பொறியாளரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணியல்காரன் முடிவு சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

செயற்கைக்கோளை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ராஞ்சியில் இருக்கும் சி.எம்.பி.டி.ஐ. என்னும் சுரங்கத் திட்ட, வடிவமைப்பு நிறுவனம், அரசு நிறுவனமான கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளித் திட்டங்களை ஆண்டுதோறும், சிறியவற்றை மூன்றாண்டுக்கு ஒரு முறை படம் வழியே கண்காணிக்கிறது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் எத்தனை ஹெக்டேர் நிரப்பினார்கள் என்பதே வாய்ச்சொல்லாகத்தான் இருந்திருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: அக்டோபர்ப் படத்தோடு மே மாதப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் பச்சையாக இருக்கும் இடம் எது, ஒன்றில் மட்டும் பச்சையாக இருக்கும் இடம் எது என்று பிரித்துக்கொண்டால் களத்தில் எங்கே நடப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மே மாதத்தில் நாங்கள் திரும்பப் போனபோது கூட வந்தவர்களுக்கு அவ்வளவு விருப்பமில்லை. வெயில் 45 பாகையைத் தொடும் காலம், வேலை காலை ஆறிலிருந்து பத்துக்குள்தான். ஆனால் அப்போதுதான் சரிவு முழுக்க அறுபட்ட கோடுகள் தெரிந்தன, முளைகளுக்கு இடையே வெடிப்பு விரிந்திருப்பது தெரிந்தது, எந்த மரம் ஆழத்தில் வேர் பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சாலையோரத்து வரிசைகள் மட்டும் செழிப்பாக இருந்தன, அவற்றின் அடியில் தண்ணீர் லாரி ஊற்றிய ஈரம் இருந்தது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கடைசியாக விதைத்து, உரமிட்டு, நீர் பாய்ச்சிய ஆண்டுக்குப் பிறகு ஐந்து முழு ஆண்டுகளுக்கும், ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் கீழோ உள்ள வறண்ட பகுதியில் பத்து ஆண்டுகளுக்கும் பொறுப்பு சுரங்கக்காரர் தலையில்தான். பிணைத்தொகையின் கடைசிப் பகுதி அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். நம் நெறிகளில் அப்படி ஒரு வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது’ என்று கேட்டு, பதிலை எழுதிவைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

அறிக்கை எழுதும்போது பொதுவான சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். ‘வடிகால் மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் அதே வாக்கியத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும். எந்த இடத்தில், எந்த அட்ச தீர்க்கரேகையில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எந்த மழைக்கு முன் தூர் வார வேண்டும் என்று எழுதுங்கள். புகைப்படத்தில் கடப்பாரையையோ அளவுகோலையோ சேர்த்து வையுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுங்கள். நல்லதையும் அதே துல்லியத்தோடு எழுதுங்கள். புங்கமும் மூங்கிலும் கலந்து நட்ட அந்த வடக்குச் சரிவு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை நட்டு வளர்த்தவர் யார் என்று விசாரித்து, அவர் செய்த முறையை ஒரு பக்கத்துக்கு எழுதி இணைத்தோம்.

நிலம் யாருக்குப் போகும் என்ற கேள்வியை ஊர்க்காரர்கள் நம்மிடம் கட்டாயம் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டு நிலக்கரிப் பகுதிகள் சட்டத்தின் கீழ் எடுத்த நிலம் பழைய சொந்தக்காரருக்குத் தானாகத் திரும்பாது. பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். மேய்ச்சலுக்கும் இலுப்பைப் பூ பொறுக்கவும் மீன் பிடிக்கவும் எந்த வழியாக, எந்தப் பகுதிக்குள் வரலாம் என்பதை மட்டும் மூடல் திட்டத்தில் வரைபடமாகப் போடச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் அறிக்கையில் நிபந்தனையாகப் போனவை: வெளிப்பக்கம் சாய்ந்த பெஞ்சைத் திருத்திச் சறுக்கு வாய்க்கால் கட்டுவது, கனலும் திட்டைத் தோண்டி மூடுவது, சுற்று வாய்க்காலைத் தூர்வாரி, வண்டல் படிந்த வயலுக்கு இழப்பீடு கொடுப்பது, குவாரிக்குக் கலிங்கு. இவை முடிந்த பின் இரண்டு மழைக்காலம் தண்ணீர் ஊற்றாமல் விட்டுப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தை விடலாம் என்று எழுதினோம். சுற்று வாய்க்காலை அதன் பிறகு ஆண்டுதோறும் யார் தூர்வாருவது என்பதில் நிறுவனமும் ஊராட்சியும் ஒத்துப்போகவில்லை. சான்றிதழுக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், அதற்கென்று தனியாக ஒதுக்கிய தொகையும் வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தோம்.